தலையில் அடிபட்டால் மூளை வீக்கத்தை ஸ்கேன் எப்படிக் காட்டுகிறது? அந்தக் கணக்கை வேகமாக்கிய ஜி.என். ராமச்சந்திரனின் கதை

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம். மில் வேலைக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், ஆண்டாள் கோயிலுக்கு வருகிறவர்கள், கேரளாவுக்குச் சரக்கு ஏற்றிப்போகிற லாரிகள் என்று மதுரை - கொல்லம் நெடுஞ்சாலையின் இந்தத் துண்டு ராத்திரியிலும் ஓய்வதில்லை. இப்படிப்பட்ட சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், முதலுதவி முடிந்த கையோடு டாக்டர் எழுதிக் கொடுப்பது சி.டி. ஸ்கேன். மண்டையைத் திறக்க வேண்டாம், ஊசிகூடப் பெரும்பாலும் தேவையில்லை. சில நிமிடங்களில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது திரையில் தெரிந்துவிடும்.

இந்தப் படம் கேமராவில் எடுக்கிற படம் மாதிரி இல்லை. அது கணக்குப் போட்டு வரைகிற படம். அந்தக் கணக்கு மணிக்கணக்கில் இழுக்காமல் சட்டென்று முடிய வழி சொன்னவர்களில் ஒருவர் கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன். சுருக்கமாக ஜி.என். ராமச்சந்திரன். பெயரின் முதல் எழுத்தில் இருக்கும் கோபாலசமுத்திரம், ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் வழியாகத் தெற்கே போனால் வருகிற திருநெல்வேலிக்குப் பக்கத்து ஊர். அவருடைய குடும்பத்தின் பூர்வீகம் அது.

அவர் டாக்டர் இல்லை. ஸ்கேன் மெஷினைச் செய்தவரும் இல்லை. அப்படியானால் அவர் செய்தது என்ன? அது எதற்கு இவ்வளவு முக்கியம்? பார்க்கலாம்.

மூளை வீங்கினால் என்ன ஆகும்?

கணுக்காலில் அடிபட்டால் வீங்கும். இரண்டு நாள் வலிக்கும், பிறகு வற்றிவிடும். தோல் விரிந்து கொடுப்பதால் வீக்கத்துக்கு இடம் கிடைக்கிறது. மூளைக்கு அந்த வசதி இல்லை. அது மண்டையோடு என்கிற மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் இருப்பவை மூன்றே மூன்று: மூளை, ரத்தம், மூளையைச் சுற்றியும் உள்ளறைகளிலும் இருக்கும் தண்ணீர் போன்ற திரவம். ஏறத்தாழ 80 சதவீதம் மூளை, மீதி இரண்டும் ஆளுக்குப் பாதி.

இதில் ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தாக வேண்டும். மூளை வீங்கினாலோ, உள்ளே ரத்தம் கட்டினாலோ, முதலில் திரவம் முதுகுத்தண்டுப் பக்கம் ஒதுங்கி இடம் கொடுக்கும். பிறகு சிரை ரத்தம் ஒதுங்கும். அதுவரை ஆள் பேசிக்கொண்டே இருப்பார். அந்த இடமும் தீர்ந்த பிறகு அழுத்தம் மெதுவாக ஏறாது, மளமளவென்று ஏறும். அழுத்தம் ஏறினால் மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் குறையும். ரத்தம் குறைந்தால் மூளைத் திசு இன்னும் வீங்கும். கடைசியில் மூளை கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்தும் மூளைத்தண்டை நசுக்கிவிடும்.

விழுந்த ஆள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார், நல்லாத்தான் பேசினார், ரெண்டு மணி நேரத்தில் நினைவில்லாமல் போய்விட்டார் என்று ஊர்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கட்டும்போது இப்படி நடப்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் ரத்தக்கட்டை எடுத்து ஆளைக் காப்பாற்றலாம். அதனால்தான் படம் வேண்டும் என்பதோடு, படம் சீக்கிரம் வேண்டும் என்பதும் முக்கியமாகிறது.

ஸ்கேன் வராத காலத்தில் என்ன செய்தார்கள்?

சாதாரண எக்ஸ்ரே 1895 முதல் இருக்கிறது. எலும்பு முறிவு அதில் பளிச்சென்று தெரியும். மூளை தெரியாது. எக்ஸ்ரே ஒரு நிழல். கதிர் போகிற வழியில் உள்ள எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே நிழலாக விழும். மண்டையோட்டின் கனத்த நிழலுக்குள் மூளையின் மெல்லிய வேறுபாடுகள் அடங்கிப்போகும்.

அதனால் சுற்றுவழிகளில் போனார்கள். அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் வால்டர் டாண்டி 1918-19 வாக்கில் மூளையின் திரவ அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். நோயாளிக்குத் தாங்க முடியாத தலைவலி வரும். போர்ச்சுகலின் ஈகாஸ் மோனிஸ் 1927-இல் கழுத்து ரத்தக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ரத்தக்குழாய்கள் இடம் நகர்ந்திருப்பதை வைத்து, ஏதோ தள்ளுகிறது என்று ஊகிக்கலாம். இரண்டுக்கும் நேரம் இல்லாதபோது மண்டையில் துளை போட்டுப் பார்ப்பதுதான் வழி. ஒரு பக்கம் ரத்தம் இல்லையென்றால் மறுபக்கம் துளை.

தமிழ்நாட்டில் நரம்பியல் அறுவைச் சிகிச்சை தொடங்கியதே இந்தக் காலத்தில்தான். வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கினார். சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950-இல் தொடங்கினார். அப்போது சென்னை மாநில முதல்வராக இருந்தவர் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா. அந்தத் தலைமுறை டாக்டர்கள் கண் பாவை, நாடித்துடிப்பு, கை கால் அசைவு ஆகியவற்றைப் பார்த்தே உள்ளே எந்தப் பக்கம் வீக்கம் என்று கணிக்க வேண்டியிருந்தது.

யார் இந்த ராமச்சந்திரன்?

1922 அக்டோபர் 8-ஆம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். அப்பா நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வீட்டிலேயே கணக்கு வாத்தியார் இருந்ததால் பையனுக்குக் கணக்கு விளையாட்டுப் பொருள் மாதிரி ஆகிவிட்டது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் படித்தார். 1942-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியல் துறையில் சேர்ந்தார்.

அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன். இந்த மாணவனின் மூளையைக் கவனித்த ராமன், மின் பொறியியலில் விட்டுவைக்க மனமில்லாமல் தன் துறைக்கே இழுத்துக்கொண்டார். ஒளியும் படிகங்களும் எக்ஸ்ரேயும் ராமச்சந்திரனின் உலகமாயின. 1947-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அதே ஆண்டு கேம்பிரிட்ஜுக்குப் போய், கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் படிக அறிவியலாளர் டபிள்யூ.ஏ. வூஸ்டரிடம் இரண்டே ஆண்டில் இன்னொரு முனைவர் பட்டமும் முடித்தார். அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் எக்ஸ்ரே படிகவியலைத் தொடங்கிவைத்த இருவரில் ஒருவரான லாரன்ஸ் பிராக்.

எக்ஸ்ரே படிகவியல் என்றால் என்ன? ஒரு படிகத்தின் மேல் எக்ஸ்ரேயைப் பாய்ச்சினால், அது சிதறி வெளியே புள்ளிகளாக விழும். உள்ளே அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. வெளியே விழுந்த புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்வது என்கிற இந்த வித்தையைத்தான் அவர் ஆயுள் முழுக்கச் செய்தார். பொருள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

கிண்டியில் நடந்த இரண்டு கண்டுபிடிப்புகள்

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் கிண்டியில் இயற்பியல் துறை தொடங்கியது. துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அதற்குத் தலைவராக ராமனைக் கேட்டார். ராமன் தன் மாணவரைக் கைகாட்டினார். அப்படி 30 வயதுகூட ஆகாத ராமச்சந்திரன் துறைத்தலைவர் ஆனார்.

அங்கே வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னல், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றையும் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் புரதம் அது. கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். கொலாஜனுக்குப் பஞ்சமில்லை. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து ராமச்சந்திரன், கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954, 1955 ஆண்டுகளில் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார். டி.என்.ஏ. இரட்டைச் சுருள் என்று வாட்சனும் கிரிக்கும் சொல்லி ஓராண்டுதான் ஆகியிருந்தது.

அந்த கிரிக்கே, அலெக்ஸாண்டர் ரிச்சுடன் சேர்ந்து எதிர்க்கேள்வி கேட்டார். மூன்று இழை என்பது சரி, ஆனால் ராமச்சந்திரனின் மாதிரியில் சில அணுக்கள் இருக்க வேண்டியதைவிட நெருக்கமாக இருக்கின்றன என்பது விமர்சனம். இதைக் கேட்டு அவர் சும்மா இருக்கவில்லை. எவ்வளவு நெருக்கம்வரை அணுக்கள் பொறுத்துக்கொள்ளும் என்று முதலில் தெரிந்தால்தானே பதில் சொல்ல முடியும்? வெளியான படிக அமைப்புகளையெல்லாம் திரட்டி அளந்தார். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவருடன் சேர்ந்து, ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எந்தக் கோணங்களில் முடியவே முடியாது என்று ஒரு வரைபடம் போட்டார். 1963-இல் வெளியான அதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கும் உலகில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று இந்த வரைபடத்தில் போட்டுப் பார்ப்பது வழக்கம்.

லட்சுமணசாமி முதலியார் 1969-இல் பதவியிலிருந்து போனார். அதற்குப் பிறகு ராமச்சந்திரனும் சென்னையை விட்டார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், இயக்குநர் சதீஷ் தவானின் அழைப்பில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். அதே காலத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் வருகைப் பேராசிரியராக இருந்தார். ஸ்கேன் கணக்கு பிறந்தது இந்த இடைவெளியில்தான்.

நிழலிலிருந்து படம்: கணக்கு என்ன?

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விளையாட்டு போதும். நாலு கட்டம் போடுங்கள், மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணை எழுதி மூடிவிடுங்கள். எண்களைச் சொல்லக் கூடாது, கூட்டுத்தொகையை மட்டும் சொல்லலாம். மேல் வரிசை 8, கீழ் வரிசை 9. இடது பத்தி 5, வலது பத்தி 12. குறுக்கே ஒரு பக்கம் 10, மறுபக்கம் 7. இவ்வளவு தெரிந்தால் மூடியதைத் திறக்காமலே கண்டுபிடித்துவிடலாம்: மேலே 3, 5, கீழே 2, 7.

சி.டி. ஸ்கேனும் இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு எக்ஸ்ரே கதிரும் தலையின் ஒரு நேர்கோட்டில் போய் வெளியே வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளப்பது, அந்தக் கோட்டின் கூட்டுத்தொகை. பல கோணங்களில் சுற்றிச் சுற்றி அளந்தால் உள்ளே ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். இது முடியும் என்று ஆஸ்திரியக் கணித அறிஞர் ஜோஹான் ராடன் 1917-லேயே நிரூபித்துவிட்டார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மாக் 1963, 1964 ஆண்டுகளில் இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட், கார்மாக்கின் வேலையைத் தெரியாமலே மெஷினைக் கட்டினார். அவருடைய முதல் ஆய்வுக்கூடச் சோதனையில் ஒரு பொருளை அளக்கவே 9 நாள் ஆனது. கிடைத்த 28,000 அளவீடுகளை வைத்துக் கணக்குப் போட, அன்றைய வேகமான கம்ப்யூட்டருக்கு இரண்டரை மணி நேரம். நோயாளிகளுக்கான முதல் மெஷின் ஒரு கோணத்துக்கு 160 வீதம் 180 கோணங்களில் அளந்து, 80-க்கு 80 கட்டமாகப் படம் போட்டது. அதாவது 6,400 கட்டங்கள். நாலு கட்டத்தை மனக்கணக்காகப் போடலாம், 6,400-ஐ என்ன செய்வது? ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் முறை, ஓர் ஊகத்தில் தொடங்கி, திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே போவது. சரியாகத்தான் வரும். ஆனால் நேரம் பிடிக்கும்.

ராமச்சந்திரன் இந்தக் கணக்குக்கு வேறு வாசல் வழியாக வந்தார். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிவதும் நிழல்தான். நிழல்களைச் சேர்த்து முப்பரிமாண உருவத்தை வரவழைக்க அப்போது எல்லோரும் பயன்படுத்தியது ஃபூரியர் மாற்றம் என்ற கணித முறை. படத்தை அலைகளாகப் பிரித்து, கணக்குப் போட்டு, மறுபடி படமாகச் சேர்க்க வேண்டும். நீண்ட வேலை. அந்தச் சுற்றுவழி எதற்கு, நேராகவே போகலாமே என்று ராமச்சந்திரனும் அவருடைய சக ஆய்வாளர் ஏ.வி. லட்சுமிநாராயணனும் யோசித்தார்கள்.

நேர்வழியில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு கூட்டுத்தொகையையும் அது வந்த கோட்டின் மேலேயே திரும்பப் பூசிக்கொண்டு போனால் படம் வரும், ஆனால் கலங்கலாக வரும். ஈரத் தரையில் போட்ட கோலம் மாதிரி ஓரமெல்லாம் கரைந்து ஓடியிருக்கும். அவர்கள் சொன்ன தீர்வு இதுதான்: பூசுவதற்கு முன்னால் ஒவ்வோர் அளவீட்டையும் திருத்திவிடு. எப்படி? பக்கத்தில் உள்ள அளவீடுகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக, குறிப்பிட்ட பங்கைக் கழிக்க வேண்டும். முதல் பக்கத்து அளவீட்டில் ஒரு பங்கு, மூன்றாவதில் அதன் ஒன்பதில் ஒரு பங்கு, ஐந்தாவதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு என்று குறைந்துகொண்டே போகும். இப்படிக் கழித்துவிட்டுப் பூசினால், கரைந்து ஓட வேண்டியது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். ஓரம் கூர்மையாக நிற்கும்.

கூட்டல், கழித்தல், பெருக்கல், அவ்வளவுதான். ஃபூரியர் முறையைவிட ஏறத்தாழ 30 மடங்கு வேகம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். துல்லியமும் கூடுதல். கம்ப்யூட்டரில் செயற்கை நிழல்களை உருவாக்கிச் சோதித்தும் காட்டினார்கள். இன்னொரு வசதி: எல்லாக் கோணமும் அளந்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கோணத்தின் அளவீடு வந்ததுமே அதைத் திருத்திப் பூசத் தொடங்கிவிடலாம். எக்ஸ்ரே படங்களுக்கு இது உதவும் என்பதையும் அவர்கள் அப்போதே குறித்திருந்தார்கள்.

அந்தக் கட்டுரை அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் 1971 செப்டம்பரில் வந்தது. அடுத்த மாதம், அக்டோபர் 1-ஆம் தேதி, லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்டின் மெஷினில் முதல் நோயாளியின் மூளை ஸ்கேன் செய்யப்பட்டது. ஒருவர் வேலை ஒருவருக்குத் தெரியாது.

நோபல் பரிசு யாருக்கு?

சி.டி. ஸ்கேனுக்காக 1979-இல் மருத்துவ நோபல் கார்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கிடைத்தது. ராமச்சந்திரனுக்குக் கிடைக்கவில்லை. கொலாஜனுக்கோ வரைபடத்துக்கோ அவருக்கு நோபல் கிடைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் விஞ்ஞானிகள் பலர் உண்டு. அந்த ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால், சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்ததே தமிழர்தான் என்று சொன்னால் அது மிகை. மெஷினைக் கட்டி, டாக்டர்கள் கையில் கொடுத்தவர் ஹவுன்ஸ்ஃபீல்ட். கணிதத்தின் வேர் ராடனுடையது. வானொலித் தொலைநோக்கிப் படங்களுக்காக பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் 1967-லேயே இதே போன்ற முறையைச் சொல்லியிருக்கிறார்கள். ராமச்சந்திரன் முறையில் அளவீட்டின் சிறு பிழைகள்கூடப் பெரிதாகிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைத் தணிக்கும் திருத்தத்தை 1974-இல் ஷெப், லோகன் இருவரும் கொண்டுவந்தார்கள்.

இத்தனை பேருக்கும் நடுவில் ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் பங்கு தெளிவானது. நிழல்களிலிருந்து படம் வரைய, எளிமையான, வேகமான, கம்ப்யூட்டருக்கு ஏற்ற செய்முறையை எழுதிக்கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் ஸ்கேன் தயாரிப்பாளர்கள், திரும்பத் திரும்பத் திருத்தும் பழைய முறையை விட்டுவிட்டு, திருத்திப் பூசும் முறைக்கு மாறினார்கள். அடுத்த முப்பது ஆண்டுக்கும் மேலாக உலகின் சி.டி. ஸ்கேன்களில் அதுதான் அடிப்படை முறையாக இருந்தது. இப்போது கம்ப்யூட்டர்களின் வேகம் கூடிவிட்டதால், கதிரியக்கத்தைக் குறைக்க உதவும் புதிய முறைகளும் சேர்ந்துகொண்டன. அந்தப் பழைய திருத்தக் கணக்குக்கு மட்டும் இன்னும் ராம்-லக் ஃபில்டர் என்றே பெயர்.

ஸ்கேன் படத்தில் டாக்டர் எதைப் பார்க்கிறார்?

ஸ்கேன் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1,000, கெட்டி எலும்பு 1,000-ஐ ஒட்டி. மூளையின் சாம்பல் நிறப் பகுதி 40-ஐ ஒட்டியும், வெள்ளைப் பகுதி 30-க்குச் சற்றுக் கீழேயும் இருக்கும். உறைந்த புது ரத்தம் 60-ஐத் தாண்டும். ஆயிரக்கணக்கில் நீளும் அளவுகோலில் சாம்பலுக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் வெறும் பத்துப் பதினைந்துதான். கணக்கு கொஞ்சம் கலங்கினாலும் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். கூர்மை ஏன் முக்கியம் என்பது இங்கே புரியும்.

மூளை வீங்கியிருந்தால் சில அறிகுறிகள் படத்தில் தெரியும். நடுவே கறுப்பாகத் தெரிய வேண்டிய திரவ அறைகள் கீற்றாகச் சுருங்கியிருக்கும். மூளை மடிப்புகளுக்கு நடுவே உள்ள பள்ளங்கள் அடைபட்டிருக்கும். மூளைத்தண்டைச் சுற்றியுள்ள திரவ இடைவெளி நசுங்கியோ மறைந்தோ இருக்கும். சாம்பல், வெள்ளை எல்லை மங்கிப்போயிருக்கும். மூளையின் நடுக்கோடு ஒரு பக்கமாக 5 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம். புது ரத்தக்கட்டு வெள்ளையாகப் பளிச்சிடும். இதையெல்லாம் வைத்துத்தான் ஆபரேஷனா, மருந்தா, கண்காணிப்பு மட்டும் போதுமா என்று முடிவாகிறது.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. வீக்கம் முதல் சில நாட்களில் கூடிக்கொண்டே போகலாம். முதல் ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் ஆள் மந்தமானால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். நரம்பிழைகளில் ஏற்படும் நுண்ணிய காயங்களுக்கு எம்.ஆர்.ஐ. இன்னும் நன்றாகக் காட்டும், ஆனால் நேரம் அதிகம் ஆகும். உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைகளுக்கு அந்தக் குழி வழியே அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம். பெரியவர்களுக்குக் கண் நரம்பின் உறை தடித்திருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்த்து, மூளை அழுத்தத்தை ஊகிக்கும் முறையும் இருக்கிறது. இவையெல்லாம் துணைக்கு. அவசரத்துக்கு முதல் தேர்வு இன்னமும் சி.டி.தான்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக்காரர்களுக்கு இதில் தூரமும் ஒரு கணக்கு. மூளை அறுவைச் சிகிச்சைக்கு இந்தப் பகுதி பெரிதும் நம்பியிருக்கும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தே 70 கிலோமீட்டருக்கு மேல். ஒரு மணி நேரத்தைத் தாண்டிய பயணம். தலையில் அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வலிப்பு வந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கண்பாவை பெரிதானாலோ, கை கால் ஒரு பக்கம் பலமிழந்தாலோ, மூக்கு காது வழியே ரத்தமோ தெளிந்த நீரோ வந்தாலோ, தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். குடித்திருக்கிறார், தூங்கட்டும் விடுங்க என்று திண்ணையில் படுக்கவைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. போதைத் தூக்கமும் மூளை அழுத்தத்தால் வரும் மயக்கமும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். வயதானவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் லேசாக அடிபட்டாலும் டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

கடைசிக் காலம்

இவ்வளவு தெளிவாக யோசித்த மனிதரின் மனம் அவரை நிம்மதியாக விடவில்லை. மனச்சோர்வு அவருக்கு அடிக்கடி வந்துபோனது. அதோடு போராடிக்கொண்டேதான் பெரிய வேலைகளையெல்லாம் செய்தார். 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அதற்குப் பிறகு உயிர் இயற்பியலிலிருந்து விலகி, தர்க்கத்தைக் கணிதமாக எழுதும் முயற்சியில் இறங்கினார். சமண தர்க்க மரபின் ஸ்யாத்வாதத்தை நவீனக் கணித மொழியில் கொண்டுவரப் பார்த்தார். கவிதையும் எழுதினார்.

பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் வந்தது. 1945-இல் கைப்பிடித்த மனைவி ராஜலட்சுமி 1998-இல் மறைந்தார். நோயிலும் மனச்சோர்விலும் தன்னைத் தாங்கி நின்றவர் போனதில் ராமச்சந்திரன் உடைந்துபோனார். 1999-இல் சர்வதேசப் படிகவியல் ஒன்றியம் தன் உயரிய விருதான எவால்ட் பரிசை அவருக்கு அளித்தது. 2001 ஏப்ரல் 7-ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது 78.

சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு, அவர் கண்டுபிடித்த முச்சுருளின் பெயரையே வைத்திருக்கிறார்கள். உயிர் வேதியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு அவர் பெயர் வரைபடமாகத் தெரியும். ஸ்கேன் கணக்கைக் கற்கும் பொறியியல் மாணவர்களுக்கு, மென்பொருளில் தேர்ந்தெடுக்கும் ராம்-லக் என்ற பெயராகத் தெரியும். ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரிய வழியில்லை. அவர்களுக்கு ரிப்போர்ட் சீக்கிரம் வந்தால் போதும். அது சீக்கிரம் வருவதற்கான வழியைச் சொன்னவர்களில் அவரும் ஒருவர்.